தாவரச் செல்வம் போற்றிய ஜானகி அம்மையார்

தோற்றுவாய்

இயற்கை மனிதனுக்கு அளிக்கும் நன்மைகள் எண்ணில் அடங்கா. உண்ணும் உணவும், உடுக்கும் உடையும், உறையும் இல்லமும், பிணி தீர்க்கும் மருந்தும் அதன் கொடைகளே. அக்கொடைகளுள்ளும் புல்லும் பூண்டும் செடியும் கொடியும் மரமுமாகிய தாவரங்கள் தரும் பயனே தலையாயது. ஆயினும், சந்தையில் விலை பேசப்படும் பொருளை மட்டுமே செல்வம் என்று மதிப்பதும், விலை பேசப்படாமல் ஆற்றங்கரையிலும் காட்டிலும் தானே வளர்வதைக் களையெனத் தள்ளுவதும் உலகத்தார் இயல்பாக இருக்கின்றன. களை எனத் தள்ளப்பட்ட புல்லுக்குள்ளே ஒரு நாட்டின் வாணிகத்தை வாழவைக்கும் ஆற்றல் உறைந்திருத்தல் கூடும். அவ்வுண்மையை ஆராய்ந்து அறிந்து, அதன் பொருட்டுத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட பெருமாட்டியார் ஒருவர் உண்டு. அவரே தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் ஆவார்.

சென்னை மாநகரின் மேற்கே அமைந்த அம்பத்தூர், ஒரு காலத்தில் ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூராய் இருந்தது. அங்கு 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை தோன்றியது. அதன் பின்னர் இயந்திரங்களின் ஓசை அவ்வூரின் பகற்பொழுதை நிறைத்தது. அம்பத்தூருக்குத் தெற்கே, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையை ஒட்டி இருப்பது மதுரவாயல். சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்திற்கு உரிய களஆய்வுக் கூடம் அவ்வூரில் இருந்தது. 1970ஆம் ஆண்டில், எழுபத்து மூன்று வயது நிரம்பிய ஜானகி அம்மையார் அம்மையத்தில் தகைசால் அறிவியலறிஞராக அமர்ந்தார். தம் இறுதி நாள்வரை மதுரவாயலையே தம் இருப்பிடமாகவும் பணியிடமாகவும் கொண்டார். உலகின் பெருநகரங்கள் பலவற்றில் பணியாற்றிய அவர், இறுதியில் இவ்வெளிய ஊரைத் தேர்ந்து வந்த வரலாறு அறியத் தக்கது.

பிறப்பும் இளமையும்

ஜானகி அம்மையார் 1897ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் சார்பு நீதிபதியாக விளங்கியவர். வழக்கு மன்றத்தில் அலுவல் முடிந்ததும் அவருடைய உள்ளம் இயற்கையையே நாடும். வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைத்துச் செடிகளைப் பேணினார். பறவைகளின் இயல்பை ஆராய்ந்து எழுதவும் செய்தார். மக்கள் பலர் நிறைந்த அப்பெருங்குடும்பத்தில் வளர்ந்த ஜானகி, செடிகளை உற்று நோக்கும் பழக்கத்தைத் தந்தையாரிடமிருந்தே பெற்றார்.

அக்காலத்துப் பெண்மக்களுக்குத் திருமணமே வாழ்வின் குறிக்கோளாகக் கருதப்பட்டது. உடன்பிறந்த பெண்டிர் மணம் புரிந்து இல்லறம் மேற்கொண்டனர். ஜானகியோ கல்வியையே தம் வாழ்க்கைத் துணையாகக் கொள்ளத் துணிந்தார். தலைச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்தார். இராணி மேரிக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1921ஆம் ஆண்டில் தாவரவியலில் சிறப்புப் பட்டம் அடைந்தார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியப் பணியை மேற்கொண்டார்.

கடல் கடந்த கல்வி

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில், ஆசியப் பெண்கள் உயர்கல்வி பெறும் பொருட்டுப் பார்பர் என்னும் வள்ளல் ஓர் உதவித் தொகையை ஏற்படுத்தியிருந்தார். அதனைப் பெற்று 1924ஆம் ஆண்டில் அம்மையார் அந்நாடு சென்றார். முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சில காலம் சென்னையில் கற்பித்தார். மீண்டும் அங்குச் சென்று 1931ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் எய்தினார். தாவரவியலில் இத்தகைய பட்டம் பெற்ற இந்தியப் பெண்மணிகளுள் அவர் முன்னோடி ஆவார். நம் நாட்டு அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் கத்தரியின் இனங்களைக் கலந்து, புதியதோர் ஒட்டினத்தையும் அவர் அங்கு உருவாக்கினார். பின்னாளில், 1956ஆம் ஆண்டில், அதே பல்கலைக் கழகம் அவருக்குச் சிறப்பு முனைவர் பட்டம் அளித்துப் பெருமை செய்தது.

நாடு திரும்பிய அம்மையார் திருவனந்தபுரத்து அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராக விளங்கினார். அதன் பின்னரே அவருடைய வாழ்வின் திருப்புமுனையாகிய கோவைப் பணி வந்து வாய்த்தது.

கரும்பும் நாணலும்

கரும்பு நம் நாட்டின் தொன்மையான பயிர். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா சாவகத் தீவிலிருந்து சர்க்கரையை இறக்குமதி செய்யும் நிலையில் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. சாறும் இனிப்பும் மிகுந்த தடித்த கரும்பு வெப்பமண்டலத் தீவுகளுக்கு உரியது. வடஇந்தியாவின் குளிரையும் வறட்சியையும் அது தாங்குவதில்லை. அங்கு விளைந்த மெல்லிய நாட்டுக் கரும்போ இடர்களைத் தாங்கும். ஆனால் விளைவு குறைவு. இக்குறையை நீக்கும் நோக்கத்துடன் 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கரும்பு பூத்து விதை கொள்வதற்கு ஏற்ற தட்பவெப்பம் கோவையில் நிலவியதே அவ்விடத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம்.

நிலையத்தின் அறிஞர்களாகிய பார்பரும் வேங்கடராமனும் ஓர் அரிய முயற்சியில் இறங்கினர். ஆற்றங்கரைகளில் யாரும் விதைக்காமலும் நீர் பாய்ச்சாமலும் வளரும் காட்டுப்புல் ஒன்று உண்டு. நாணல் இனத்தைச் சார்ந்த அதனைப் பேய்க்கரும்பு என்றும் வழங்குவர். அதில் இனிப்பு இல்லை; எனினும் குளிரையும் வறட்சியையும் நோயையும் எதிர்த்து நிற்கும் உரம் அதற்கு இயல்பிலேயே உண்டு. அப்புல்லின் மகரந்தத்தை இனிய கரும்புடன் சேர்த்து உண்டாக்கிய ஒட்டினமே கோ 205 என்பது. 1918ஆம் ஆண்டில் அது உழவர்களுக்கு வழங்கப்பட்டது. அதன் வழியில் மேலும் பல இனங்கள் தோன்றின. ஆலைத் தொழிலும் பெருகவே, அயல்நாட்டுச் சர்க்கரையை எதிர்பார்த்திருந்த நிலை படிப்படியாக மாறியது. அடுப்பெரிக்கவும் கூரை வேயவும் மட்டுமே பயன்பட்ட காட்டுப்புல் ஒன்று, எண்ணற்ற உழவர்களின் வாழ்வுக்கு ஊன்றுகோலாயிற்று.

1934ஆம் ஆண்டில் ஜானகி அம்மையார் இந்நிலையத்தில் மரபியல் அறிஞராகச் சேர்ந்தார். நாட்டின் கரும்புக்கு இனிப்பூட்டியவர் அவரே என்று கூறுவோர் இன்று உளர். அப்பணி பலர் கூடிச் செய்த பணி. அவர் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. அம்மையாரின் தொண்டு அதனினும் ஆழமானது. ஒவ்வோர் உயிரணுவிலும் பரம்பரைப் பண்புகளைச் சுமந்து நிற்கும் நுண்ணிய இழைகள் உள்ளன. குரோமோசோம்கள் எனப்படும் இவற்றின் எண்ணிக்கை இனந்தோறும் வேறுபடும். மக்காச்சோளத்தில் அவை 20. தடித்த கரும்பில் 80. நாணலிலோ இடத்திற்கு இடம் மாறுபடும். நுண்ணோக்காடியின் துணை கொண்டு இவ்விழைகளை எண்ணியும் ஒப்பிட்டும் அம்மையார் ஆராய்ந்தார். அந்நாணல் இனத்தின் தாயகம் இந்தியாவே என்னும் முடிவுக்கு அவ்வாய்வு துணை நின்றது. கரும்பை மக்காச்சோளம், சோளம் முதலிய வேற்றினப் பயிர்களோடும் அவர் கலந்து பார்த்தார். எப்பயிர் எதனோடு உறவுடையது, எதனிடமிருந்து எப்பண்பைக் கடன் பெறலாம் என்பதை அறிய இவ்வாராய்ச்சிகள் வழி காட்டின. 1935ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

எனினும் அவருடைய வழி மலர் தூவிய வழியன்று. பெண் என்பதாலும், பிறந்த குலத்தாலும் உடன் பணிபுரிந்தோர் சிலருடைய அலட்சியத்திற்கு அவர் ஆளானார். அதற்காக அவர் மனம் சோர்ந்து பணியைக் கைவிடவில்லை.

போர்க்காலத்தில் ஆற்றிய பணி

1939ஆம் ஆண்டில் எடின்பரோ நகரில் கூடிய உலக மரபியல் மாநாட்டிற்கு அம்மையார் சென்றார். அவ்வேளையில் இரண்டாம் உலகப் பெரும்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிய அவர், இலண்டனை அடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணி ஏற்றார். வானிலிருந்து குண்டுகள் விழுந்த அந்த ஆண்டுகளிலும் அவர் தம் ஆய்வை விடவில்லை. டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம்களைத் தொகுத்துக் கூறும் பெருநூலை 1945ஆம் ஆண்டில் வெளியிட்டார். பயிர்களை மேம்படுத்த முயல்வோர்க்கு அந்நூல் வழிகாட்டியாக அமைந்தது.

அடுத்து, விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் 1951வரை பணியாற்றினார். கோல்சிசின் என்னும் மருந்தைச் செடிகளின் இளங்குருத்தில் இட்டால், குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். அவ்வாறு இரட்டித்த செடிகள் சிலவற்றில் இலையும் மலரும் பெருத்துத் தோன்றுவதுண்டு. மக்னோலியா மரக்கன்றுகளில் அம்மையார் இம்முறையைக் கையாண்டார். அவ்வினத்தின் ஒரு வகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அக்கோல்சிசின் தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளிலும் உண்டு. வேலியில் படரும் அக்கொடியைத் தமிழக உழவர்கள் இன்று வயலில் பயிரிட்டு, அதன் விதையை மருந்துக்காக அயல்நாடுகளுக்கு அனுப்பிப் பொருளீட்டுகின்றனர். இயற்கையின் கொடை எங்கு மறைந்திருக்கும் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

எரிந்துபோன மரம்

நாடு விடுதலை பெற்றபின், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைக்கப் பிரதமர் நேரு அம்மையாரைத் தாயகத்திற்கு அழைத்தார். 1890இல் தொடங்கிய அத்துறையைப் புதுப்பிக்கும் தனி அலுவலராக 1952ஆம் ஆண்டில் அவர் அமர்ந்தார். இந்தியத் தாவரங்களை இந்தியரே திரட்டி, இந்திய மண்ணிலேயே பாதுகாத்து ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்தில் நாடெங்கும் உணவுப் பஞ்சம் வாட்டியது. உணவுப் பெருக்க இயக்கம் தீவிரமாக நடந்தது. உழுநிலம் தேடி மக்கள் காடுகளை அழித்தனர். பசித்த வயிற்றுக்குச் சோறிட வேண்டுவது அரசின் கடமையே. அதனை அம்மையாரும் அறிவார். எனினும் அழியும் காட்டோடு அழிவது இன்னதென எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவர் ஷில்லாங் நகரிலிருந்து 37 கல் தொலைவு பயணம் செய்து, அப்பகுதியில் எஞ்சியிருந்த ஓர் அரிய மக்னோலியா மரத்தைக் காணச் சென்றார். சென்று சேர்ந்தபோது மரம் இல்லை. அது எரிக்கப்பட்டுப் போயிருந்தது. அங்கு அவ்வினத்தில் இருந்தது அவ்வொரு மரமே. அதன் இழப்பு அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

அம்மையாரின் துயரம் வெறும் இரக்கம் அன்று. அதில் தெளிவான கணக்கு உண்டு. கரும்புக்கு உரம் தந்தது காட்டு நாணல். அந்நாணல் அழிந்து போயிருப்பின் கோவைக் கரும்பு தோன்றியிராது. நெல்லின் வரலாறும் இதனையே காட்டுகிறது. பின்னாளில் ஆசிய நாடுகளின் நெற்பயிரை ஒருவகை நச்சுயிர் நோய் தாக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 6,000க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தனர். இந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட ஒரே ஒரு காட்டு நெல்லில்தான் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் காணப்பட்டது. கோடிக்கணக்கான மக்களின் உணவு அவ்வொரு புல்லினால் காக்கப்பட்டது. பயன் அறியப்படும் முன்னரே அழிந்துபோகும் செடி, திறக்கப்படாமலே தீக்கிரையாகும் கருவூலத்தை ஒக்கும்.

1955ஆம் ஆண்டில், மனிதன் நிலவுலகின் தோற்றத்தை எவ்வாறு மாற்றி வருகிறான் என்பதை ஆராயும் பொருட்டு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு பேரவை கூடியது. அதில் கலந்துகொண்ட பெண்மணி ஜானகி அம்மையார் ஒருவரே. இந்தியாவின் மலைவாழ் மக்கள் காட்டுத் தாவரங்களைப் பேணிப் பயன் கொள்ளும் முறையையும், குடும்பச் சொத்தையும் செடிகளையும் காத்துவந்த பெண்டிரின் பங்கையும் அவர் அங்கு விளக்கினார். ஏட்டில் எழுதப்படாத அவ்வறிவும் நாட்டின் செல்வமே என்பது அவர் கருத்து.

பின்னர் அவர் அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வுக் கூடத்திற்குத் தலைமை தாங்கினார். ஜம்முவின் ஆராய்ச்சி நிலையத்திலும் பணிபுரிந்தார். புதினா, எலுமிச்சைப்புல், காட்டு வள்ளிக்கிழங்கு முதலியவற்றை ஆராய்ந்தார். இவை எளிய செடிகளே. எனினும் புதினா இனத்திலிருந்து மெந்தாலும், எலுமிச்சைப்புல்லிலிருந்து நறுமண எண்ணெயும், காட்டு வள்ளி வகைகளிலிருந்து விலை மிகுந்த மருந்துப் பொருளும் கிடைக்கின்றன.

மதுரவாயல் வாழ்க்கை

மதுரவாயலில் அம்மையார் வாழ்ந்த வாழ்க்கை துறவியின் வாழ்க்கையைப் போன்றது. ஆடம்பரம் அறியாதவர், தம்மைப்பற்றிப் பேச விரும்பாதவர், தம் பணியே நிலைத்து நிற்கும் என்று நம்பியவர். ஆய்வுக் கூடத்தை ஒட்டி மூலிகைத் தோட்டம் அமைத்துத் தாமே பேணினார். பூனைகள் பலவற்றை வளர்த்தார். அப்பூனைக் குட்டிகளிடையே காணும் வேற்றுமைகளையும் ஆராய்ச்சிக் கண்ணுடன் நோக்கினார். அருகே அம்பத்தூரில் ஆலைகள் பெருகிக் கொண்டிருந்தன. ஆலைகள் பலருக்கு வேலையும் ஊதியமும் அளித்தன. நாட்டுக்கு அவை வேண்டுவனவே. ஆயினும் ஆலை செய்ய இயலாத ஒன்றை அம்மையாரின் சிறு தோட்டம் செய்தது. அழிந்த இயந்திரத்திற்கு ஈடாக வேறொன்றைச் செய்துகொள்ளலாம். அழிந்த தாவர இனத்தை எந்த ஆலையாலும் படைக்க இயலாது. அவ்வினங்களைப் பேணும் பணியே அத்தோட்டத்தில் நடைபெற்றது. 1977ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அமைதிப் பள்ளத்தாக்கு

அம்மையாரின் முதுமையில் ஒரு பெரிய கேள்வி எழுந்தது. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. அதனூடே பாயும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. அணையை வேண்டியவர்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. மின்சாரம் இன்றித் தொழில் வளராது. பாசனம் இன்றி வயல் விளையாது. வேலை இன்றி இளைஞர் வாடுவர். ஆனால் அணை எழுந்தால் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் கை படாத காடு நீரில் மூழ்கும். சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்கள் உறைவிடம் இழக்கும். எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் அறிவியலாரும் காட்டைக் காக்கக் குரல் எழுப்பினர்.

எண்பது வயதைக் கடந்த அம்மையாரும் அவர்களுடன் நின்றார். கரும்பின் விளைவைப் பெருக்க உழைத்தவர், மின்சாரம் தரும் அணையை எதிர்த்தது முரண் அன்றோ எனச் சிலர் எண்ணக் கூடும். முரண் அன்று. அவர் கரும்புக்கு வலிமை தேடிய இடமும் காடே. மின்சாரத்தைப் பெற வேறு வழிகள் உண்டு. அக்காட்டை மீண்டும் பெற வேறு வழி இல்லை. இயற்கையின் விளைவை நுகர்வது வேறு. அதன் முதலையே அழிப்பது வேறு. வட்டியை உண்டு முதலைக் காப்பவனே நல்ல வணிகன் என்பதைப் போன்றதே அவர் கொண்ட நெறி. எதிர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்யும் பணியிலும் ஈடுபட்டார். காடு மூழ்கினாலும் அதனைப் பற்றிய அறிவேனும் மூழ்கலாகாது என்பது அவர் எண்ணம்.

அத்திட்டம் இறுதியில் கைவிடப்பட்டது. 1984ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்நன்னாளைக் காணும் பேறு அம்மையாருக்குக் கிட்டவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, எண்பத்தாறாம் வயதில், மதுரவாயலில் ஆய்வுப் பணி புரிந்துகொண்டிருந்த நிலையில் அவர் இயற்கை எய்தினார்.

முடிவுரை

தாவர வகைப்பாட்டியலில் சிறந்து விளங்குவோர்க்கு இந்திய அரசு அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது. ஜம்முவில் உள்ள உலர்தாவரக் காட்சியகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மதுரவாயலும் அம்பத்தூரும் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தன. வயல்கள் இருந்த இடங்களில் இன்று மாடங்கள் எழுந்துள்ளன. ஏரிகளுள் எஞ்சியவற்றைக் காப்பதே இன்றைய கடமை ஆயிற்று. மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கி, கோடையில் நிலத்தடி நீரைக் காக்கும் அவ்வேரிகளின் கரைகளிலே பெயர் அறியாப் புற்கள் இன்றும் முளைக்கின்றன. அவற்றுள் எது நாளைய நோய்க்கு மருந்தாகும், எது நாளைய பயிருக்கு உரமாகும் என்பதை இன்று யாரும் அறியார். அறியாததை அழித்தல் ஆகாது என்பதே ஜானகி அம்மையாரின் வாழ்வு உணர்த்தும் பாடம்.